சாண் மீனுக்கு ஆயிரம் தூண்டில்!

புழுவைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடும் மஞ்சள் பெர்ச்சைப் பிடிப்பது எப்படி?

உலகத்தில் நிலத்தின்மேல் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒரே இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கு எல்லையில், கனடாவை ஒட்டிக் கிடக்கும் ஐந்து பெரிய ஏரிகள்தான் அந்த இடம்.

சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், எரி, ஒண்டாரியோ என்பவை அவற்றின் பெயர்கள். பெயருக்குத்தான் ஏரி. கரையில் நின்று பார்த்தால் அக்கரை தெரியாது. அலை அடிக்கும். கப்பல் போகும்.

இந்த ஏரிகளில் ஆள் உயரத்துக்கு வளரும் மீன்களும் உண்டு. ஆனாலும் கரையோரத்து மக்கள் ஆசையோடு தேடிப் போவது ஒரு சாண் நீளமுள்ள ஒரு சின்ன மீனை!

அதன் பெயர் மஞ்சள் பெர்ச்.

ஏரிக்கரைக் குடும்பங்களில் பல பிள்ளைகள் முதன்முதலாகத் தூண்டிலில் பிடிக்கும் மீன் இதுதான். இதற்குப் படகு கட்டாயம் இல்லை. விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒரு கழி, ஒரு புழு, கொஞ்சம் பொறுமை. இவ்வளவு போதும்.

எளிதில் அகப்படுவதுதான் இந்த மீனின் பெருமை. அதுவே இந்த மீனுக்கு ஆபத்தாகவும் முடிந்தது!

புலி வரி போட்ட மீன்

மஞ்சள் பெர்ச்சை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உடம்பு பொன் மஞ்சள். முதுகிலிருந்து வயிற்றை நோக்கி ஆறு முதல் எட்டுக் கரும்பட்டைகள் இறங்கும். வயிறு வெண்மை. அடித்துடுப்புகள் ஆரஞ்சு நிறம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் துடுப்புகள் நெருப்புப் போலச் சிவந்து காணும்.

முதுகில் இரண்டு துடுப்புகள். முன்னால் இருக்கும் துடுப்பில் கூரான முட்கள் உண்டு. மீனைக் கையில் பிடிக்கிறவர்கள் தலையிலிருந்து வால் பக்கமாகக் கையை ஓட்டி, முட்களை மடக்கிப் பிடிப்பார்கள். தெரியாமல் பிடித்தால் கையில் ரத்தம்தான்!

சாதாரணமாக இது 6 முதல் 10 அங்குலம் வரை வளரும். ஓர் அடி நீளம் வந்துவிட்டால் அதை 'ஜம்போ' என்று கொண்டாடுகிறார்கள். ஆண் மீனைவிடப் பெண் மீன் பெரிதாக வளரும். தூண்டில்காரர்கள் பெருமையாகத் தூக்கிக் காட்டும் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண் மீன்களே.

தூண்டிலில் பிடிபட்ட மஞ்சள் பெர்ச்சில் மிகப் பெரியது எது தெரியுமா? 1865-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் போர்டன்டவுன் என்ற ஊரில் பிடித்த மீன். அதன் எடை 4 பவுண்டு 3 அவுன்ஸ். ஏறக்குறைய 1 கிலோ 900 கிராம். நூற்றைம்பது ஆண்டுகள் கடந்த பிறகும் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை.

பகலில் வேட்டை, இரவில் ஓய்வு

எந்த மீனைப் பிடிக்க வேண்டுமானாலும் முதலில் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மஞ்சள் பெர்ச் கண்ணால் பார்த்து இரை தேடும் மீன். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதுதான் சாப்பிடும். காலையில் வெயில் ஏறும்போதும், மாலையில் வெயில் இறங்கும்போதும் சுறுசுறுப்பாக இருக்கும். இருட்டியதும் கூட்டம் கலைந்துவிடும். ஒவ்வொரு மீனும் தரையோடு தரையாக அசையாமல் கிடக்கும். இரவு முழுவதும் விளக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தாலும் பயன் இல்லை.

பகலில் இது தனியாகப் போவதில்லை. கூட்டமாகத் திரியும். ஒரு கூட்டத்தில் ஐம்பது மீன் இருக்கும், இருநூறும் இருக்கும். ஒரே வயது, ஒரே அளவுள்ள மீன்கள் ஒன்றாகச் சேர்ந்து போவது இதன் வழக்கம்.

இதிலிருந்து தூண்டில்காரர்கள் இரண்டு பாடங்களைக் கற்றிருக்கிறார்கள்.

முதலாவது, ஒரு மீன் கடித்தால் அதே இடத்தில் இன்னும் பல மீன்கள் உண்டு. உடனே தூண்டிலைத் திரும்பப் போட வேண்டும். தாமதித்தால் கூட்டம் நகர்ந்துவிடும்.

இரண்டாவது, பொடி மீன்களாகவே வந்தால் அங்கே பெரிய மீனை எதிர்பார்க்கக் கூடாது. இடத்தை மாற்றிவிட வேண்டும்.

கால் மணி நேரம் காத்திருந்தும் கடி இல்லை என்றால் அங்கேயே தவம் கிடப்பதில் அர்த்தம் இல்லை. மீன் தூண்டிலைத் தேடி வராது. தூண்டில்தான் மீனைத் தேடிப் போக வேண்டும்.

கருவி சின்னது, கவனம் பெரிது

மஞ்சள் பெர்ச்சின் வாய் சிறியது. ஆகவே முள்ளும் சிறிதாக இருக்க வேண்டும். 6-ஆம் எண், 8-ஆம் எண் முட்கள் பொருத்தம். தூண்டில் முள்ளில் எண் ஏற ஏற அளவு சிறிதாகும் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நைலான் நரம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். 4 பவுண்டு முதல் 6 பவுண்டு வரை தாங்கும் நரம்பு போதும். நரம்பு தடித்தால் மீன் கண்டுகொள்ளும். கழியும் நுனி மெலிந்து வளைய வேண்டும். அப்போதுதான் மெல்லிய கடியும் கைக்குத் தெரியும்.

கட்டும் முறை எளிது. நரம்பின் நுனியில் ஓர் ஈயக் குண்டு. அதற்கு மேலே ஓர் அடிக்கு ஒன்றாக இரண்டு முட்கள், பக்கவாட்டில் நீட்டி நிற்கும்படி கட்ட வேண்டும். ஈயம் ஏரியின் தரையைத் தொடும். இரை தரைக்குச் சற்று மேலே நிற்கும். மஞ்சள் பெர்ச் சுற்றித் திரிவதும் அந்த உயரத்தில்தான்.

ஆழம் குறைந்த இடத்தில் தக்கை கட்டிப் போடுவதும் உண்டு. பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். தக்கை தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு!

இரையின் ரகசியம்

மஞ்சள் பெர்ச்சுக்கு இரை வைப்பதில் ஐந்து வகைகள் பிரபலமானவை.

ஒன்று, மண்புழு. எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் கிடைப்பது இதுதான். முழுப் புழுவைக் கோப்பது வீண். ஓர் அங்குலத் துண்டு போதும். நீளமாகத் தொங்கவிட்டால் மீன் தொங்கும் பகுதியை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும்.

இரண்டு, உயிருள்ள குஞ்சு மீன். எரி ஏரியில் 'ஷைனர்' என்ற வெள்ளி நிறக் குஞ்சு மீனுக்குத்தான் மதிப்பு. இரண்டு அங்குலம் நீளம் உள்ளதாகப் பொறுக்கி, உதட்டிலோ முதுகிலோ முள்ளைச் செருகுவார்கள். குஞ்சு மீன் துடிக்கும். அந்த மினுமினுப்பைக் கண்டு பெர்ச் பாய்ந்து வரும். உயிருள்ளது கிடைக்காத நாட்களில் உப்பிட்டு வைத்த குஞ்சு மீனும் உதவும்.

மூன்று, 'மே ஈ' என்ற பூச்சியின் இளம்புழு. இந்தப் பூச்சி பார்வைக்கு ஈசலை நினைவூட்டும். இறகு முளைத்தபின் இதற்கு ஆயுள் ஓரிரு நாள்தான். ஆனால் இறகு முளைக்கும்வரை ஏரியின் சேற்றுக்குள் நீண்ட காலம் புதைந்து வாழும். மஞ்சள் பெர்ச்சுக்கு இது விருந்து.

நான்கு, மெழுகுப் புழு. தேனடையைத் தின்று வளரும் அந்துப்பூச்சியின் வெள்ளைப் புழு இது. குளிர்காலத்தில் மண்புழு கிடைக்காதபோது கடைகளில் சிறு டப்பாக்களில் விற்கிறார்கள்.

ஐந்தாவதைக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். அது மஞ்சள் பெர்ச்சின் கண்ணே! பிடித்த மீனின் கண்ணை எடுத்து முள்ளில் கோத்துப் போடுவது குளிர்காலத் தூண்டில்காரர்களின் பழைய வழக்கம். கண் முள்ளைவிட்டு எளிதில் கழலாது. நீரில் கரையாது. இன்னொரு பெர்ச் அதைத் தயங்காமல் விழுங்கும்.

இவை தவிர, உலோகத் தகட்டில் செய்த போலி மீன்களும் உண்டு. மேலும் கீழும் ஆட்டினால் தகடு பளிச்சிடும். வேடிக்கை பார்க்க வரும் பெர்ச், தகட்டின் முள்ளில் இருக்கும் புழுவைக் கண்டு வாய் வைக்கும்.

தொட்டுப் பார்க்கும் திருடன்

மஞ்சள் பெர்ச் இரையைக் கண்டதும் லபக்கென்று விழுங்கிவிடாது. முதலில் தொட்டுப் பார்க்கும். பிறகு ஓரத்தைக் கவ்வும். பிடிக்கவில்லை என்றால் துப்பிவிட்டு ஓடும். பல சமயங்களில் புழுவை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும்.

கழியில் 'டக், டக்' என்று இரண்டு மெல்லிய தட்டல்கள் தெரியும். புதியவர்கள் முதல் தட்டலிலேயே பலமாக இழுத்துவிடுவார்கள். முள் வெறுமையாக வரும். அனுபவசாலிகள் ஒரு நொடி பொறுப்பார்கள். கனம் தெரிந்ததும் மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தூக்குவார்கள். முள் நன்றாகப் பதிந்துவிடும்.

இப்போது இந்தத் திருட்டில் வேறொரு மீனும் பங்குக்கு வந்துவிட்டது. கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு அயல்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த கோபி மீன் அது. 1990-ல் இந்த ஏரிப் பகுதியில் முதன்முதலாகக் கண்டார்கள். தரையில் கிடக்கும் இரையை இது விடாமல் கொத்தும். கோபித் தொல்லை உள்ள இடங்களில் இரையைத் தரைக்கு ஓர் அடிக்கும் மேலாக உயர்த்திக் கட்டுகிறார்கள்.

காலத்துக்கு ஓர் ஆழம்

வசந்த காலத்தில் பனி உருகியதும் மஞ்சள் பெர்ச் கரைப்பக்கம் வரும். முட்டையிடத்தான் இந்தப் பயணம்.

மற்ற மீன்கள் போல இது கூடு கட்டுவதில்லை. பெண் மீன் முட்டைகளை ஒரு நீண்ட பசை நாடாவாக வெளியிடும். துருத்தி போல மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த நாடா, விரிந்தால் ஆறடி நீளத்துக்குக்கூட வரும். அதில் பல ஆயிரம் முட்டைகள்! நீருக்குள் கிடக்கும் செடியிலும் கிளையிலும் அதை மாலை போலச் சுற்றிவிட்டுத் தாய் மீன் போய்விடும். காவல் கிடையாது. குஞ்சுகள் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோடையில் கரையோரத் தண்ணீர் சூடேறும். மீன் ஆழத்துக்குப் போய்விடும். அப்போது படகில்தான் போக வேண்டும். இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிரத் தொடங்கியதும் கூட்டம் மறுபடியும் கரைக்குத் திரும்பும். கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கு அது நல்ல காலம்.

பனிக்கட்டியில் துளை

குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு கல்லாக உறைந்துவிடும். அப்போதும் வேட்டை நிற்பதில்லை!

பனிக்கட்டியின்மேல் நடந்து போகிறார்கள். சுழலும் துளைக்கருவியால் குழி போடுகிறார்கள். முழங்கை நீளமுள்ள சின்னக் கழியை வைத்துக்கொண்டு குழிக்குள் நரம்பை இறக்குகிறார்கள். காற்றுக்கு மறைவாகச் சிறிய கூடாரமும் அடித்துக்கொள்கிறார்கள். கனடாவின் சிம்கோ ஏரியில் இப்படிக் குளிர்காலத்தில் ஒரு கூடார ஊரே எழும்பும்.

பல மீன்கள் குளிரில் மந்தமாகிவிடும். மஞ்சள் பெர்ச் அப்படி அல்ல. பனிக்கு அடியிலும் கூட்டமாகத் திரிந்து இரை தேடும்.

ஆனால் இந்த வேட்டையில் உயிருக்கு ஆபத்து உண்டு. தெளிந்த புதுப் பனிக்கட்டி 4 அங்குலமாவது தடித்திருந்தால்தான் அதன்மேல் நடக்கலாம் என்பது விதி. காற்று மாறினால் அந்த விதியும் காப்பாற்றாது.

2009 பிப்ரவரியில் எரி ஏரியின் ஒஹாயோ கரையில் இது நடந்தது. பெரிய பனிப்பாளம் ஒன்று கரையைவிட்டுப் பிரிந்து நகர்ந்தது. மீன் பிடிக்கப் போயிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் அதன்மேல் அகப்பட்டுக்கொண்டார்கள். ஹெலிகாப்டரும் படகும் விரைந்தன. மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். ஒருவர் உயிரிழந்தார்.

மீன் நாளையும் கிடைக்கும் என்று வீட்டுப் பெண்கள் எச்சரிப்பதில் நியாயம் இருக்கிறது!

வெள்ளிக்கிழமை விருந்து

இவ்வளவு பாடுபட்டுப் பிடிக்கும் மீனுக்கு அப்படி என்ன ருசி?

வெள்ளை வெளேரென்ற சதை. கவிச்சி நாற்றம் இல்லை. தோலை உரித்து முள்ளை நீக்கினால் ஒரு மீனில் இரண்டு சிறிய துண்டுகள் கிடைக்கும். மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, ரொட்டித் தூளில் உருட்டிப் பொரித்தால் சில நிமிடங்களில் பொன்னிறமாகும். ஒருவர் வயிறு நிறைய ஐந்தாறு மீன் வேண்டும்.

விஸ்கான்சின் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை மாலையில் பொரித்த மீன் சாப்பிடுவது ஒரு மரபு. கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி உண்பதில்லை என்ற விரதத்தில் தொடங்கியது இது. ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் இதை வளர்த்தார்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. மது விற்க முடியாத விடுதிகள் மீன் பொரித்து விற்று வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொண்டன. நாளடைவில் மதமும் மதுவும் மறந்து, குடும்பத்தோடு போய்ச் சாப்பிடும் வழக்கமாக அது நிலைத்துவிட்டது.

அந்தத் தட்டில் முதல் மரியாதை மஞ்சள் பெர்ச்சுக்குத்தான். பக்கத்தில் உருளைக்கிழங்கு, கோஸ் பச்சடி, ரை ரொட்டி.

மிச்சிகன் ஏரியில் விழுந்த அடி

1980-களின் இறுதியில் மிச்சிகன் ஏரியில் மஞ்சள் பெர்ச் கொழித்தது. மில்வாக்கியிலும் சிகாகோவிலும் ஏரிக்குள் நீண்டிருக்கும் மேடைகளில் தோளோடு தோள் உரச நின்று மீன் பிடித்தார்கள். வாளி வாளியாக வீட்டுக்குப் போயிற்று. வலைகாரர்களும் அள்ளினார்கள்.

பிறகு ஒரு விபரீதம் தெரிந்தது. பிடிபட்ட மீன்கள் எல்லாம் வயதான மீன்கள். இளம் மீன்களைக் காணோம்! முட்டை பொரிந்தது. ஆனால் குஞ்சுகள் பிழைக்கவில்லை.

காரணம் ஒன்றல்ல. கடலிலிருந்து கால்வாய் வழியாக ஏரிகளுக்குள் நுழைந்த 'ஏல்வைஃப்' என்ற மீன், பெர்ச் குஞ்சுகளைத் தின்றது. இன்னொரு எதிரி, விரல் நகம் அளவுள்ள ஒரு சிப்பி. உடம்பில் வரிக்குதிரை போலக் கோடு போட்டிருக்கும் இந்தச் சிப்பியை 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியில் முதலில் கண்டார்கள். இதுவும் கப்பல் தொட்டித் தண்ணீரில் வந்ததுதான். இதன் பின்னாலேயே குவாக்கா சிப்பியும் வந்தது. கோடிக்கணக்கில் பெருகிய இந்தச் சிப்பிகள் ஏரித் தண்ணீரை வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்றுவிட்டன. பிறந்த பெர்ச் குஞ்சின் முதல் உணவே அந்த நுண்ணுயிர்தான்!

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்தது. ஆனால் தெளிந்த தண்ணீரில் குஞ்சுக்குச் சாப்பாடு இல்லை.

குஞ்சு பிழைக்காத காலத்தில் பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்தது இன்னொரு தவறு. பெரிய மீன் என்றால் பெண் மீன். ஆகவே முட்டையிட வேண்டிய மீன்களே குறைந்துபோயின.

1996, 1997 ஆண்டுகளில் விஸ்கான்சின், இல்லினாய், இந்தியானா மாநிலங்கள் மிச்சிகன் ஏரியில் வலைபோட்டு மஞ்சள் பெர்ச் பிடிப்பதை நிறுத்தின. தூண்டில்காரர்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. விஸ்கான்சினில் அந்த ஏரியில் ஒருவர் ஒரு நாளைக்கு 5 மீன்தான் பிடிக்கலாம் என்று குறைத்தார்கள்.

ஐந்து மீன் என்பது ஒருவருடைய ஒரு வேளைச் சாப்பாடு. வாளி நிறையக் கொண்டுபோய் அண்டை வீட்டுக்கும் கொடுத்த காலம் முடிந்தது. அதன் பிறகு அந்த ஏரியில் மீன் பழைய அளவுக்குப் பெருகவில்லை.

எரி ஏரி எழுந்த கதை

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு.

ஐந்து ஏரிகளிலும் ஆழம் குறைந்தது எரி. சுற்றிலும் தொழிற்சாலைகள், பெரிய நகரங்கள். சாக்கடையும் சோப்புத் தூள் கழிவும் ஏரியில் விழுந்தன. பாசி பெருகி அழுகியது. தண்ணீரில் பிராண வாயு குறைந்தது. சேற்றில் வாழ்ந்த மே ஈப் புழுக்கள் 1950-களில் கூண்டோடு மடிந்தன. 1960-களில் பத்திரிகைகள் 'எரி ஏரி செத்துவிட்டது' என்றே எழுதின. 1969 ஜூன் மாதம் அந்த ஏரியில் விழும் குயஹோகா ஆற்றில், எண்ணெய்க் கழிவு தீப்பற்றி எரிந்தது!

ஆறே எரிந்ததைக் கண்ட பிறகு மக்கள் விழித்துக்கொண்டார்கள். 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் ஏரிகளின் தூய்மைக்காக ஓர் உடன்பாடு செய்துகொண்டன. சாக்கடையைச் சுத்தப்படுத்தினார்கள். சோப்புத் தூளில் பாஸ்பரஸைக் குறைத்தார்கள்.

1990-களில் ஓர் அதிசயம் நடந்தது. மறைந்துபோன மே ஈ திரும்பி வந்தது! கோடைத் தொடக்கத்தில் அவை கூட்டமாகக் கிளம்பும்போது வானிலை ரேடாரில் மேகம் போலத் தெரிகிறது. கடைவீதியில் குவிந்து கிடக்கும் பூச்சிகளைக் கரையோர ஊர்களில் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறார்கள். ஆனால் யாரும் அதிகம் சலித்துக்கொள்வதில்லை. பூச்சி வந்தால் ஏரிக்கு உயிர் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பெர்ச்சுக்கும் இரை இருக்கிறது.

எரி ஏரியில் எவ்வளவு மஞ்சள் பெர்ச் பிடிக்கலாம் என்பதை ஆண்டுதோறும் கணக்குப் போட்டு முடிவு செய்கிறார்கள். மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா, நியூயார்க் ஆகிய நான்கு மாநிலங்களும், கனடாவின் ஒண்டாரியோ மாகாணமும் சேர்ந்து உட்கார்ந்து பங்கு பிரிக்கின்றன. மீன் குறைந்தால் பங்கும் குறையும். ஒஹாயோ மாநிலம் 2021-ல் ஏரியின் நடுப்பகுதியில் ஒருவருக்கு ஒரு நாள் வரம்பை 30-லிருந்து 10 ஆகக் குறைத்தது.

மிஞ்சிய இரையை என்ன செய்வது?

தூண்டில்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது வாளியில் சில குஞ்சு மீன்கள் மிஞ்சும். பாவம் என்று அவற்றை ஏரியில் விட்டுவிடுவது முன்பெல்லாம் வழக்கம். அந்த இரக்கமே விஷமாகலாம்!

2005, 2006 ஆண்டுகளில் இந்த ஏரிகளில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. மஞ்சள் பெர்ச்சும் அதில் தப்பவில்லை. மீனின் உடம்புக்குள் ரத்தம் கசியச் செய்யும் ஒரு வைரஸ்தான் காரணம். இது மனிதரைத் தொற்றாது. ஆனால் ஓர் ஏரியின் தண்ணீரையும் குஞ்சு மீனையும் மற்றோர் ஏரிக்குக் கொண்டுபோனால் நோயும் கூடவே போகும். அதன் பிறகு உயிருள்ள இரை மீனை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லச் சட்டங்கள் வந்தன.

மண்புழுவிலும் எச்சரிக்கை வேண்டும். கடைகளில் விற்கும் பெரிய மண்புழு ஐரோப்பாவிலிருந்து வந்த இனம். மிஞ்சிய புழுவைக் காட்டில் கொட்டினால் அது உதிர்ந்த இலைகளையெல்லாம் தின்று, இளஞ்செடிகள் முளைக்கும் தரையையே கெடுத்துவிடும். மிஞ்சிய இரையைக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுவதே சரி.

இன்னொரு சங்கதி. ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கிய பெர்ச்சின் வயிற்றில் உள்ள காற்றுப்பை உப்பிவிடும். சிறிய மீன் என்று இரங்கித் திரும்ப விட்டாலும் அது கீழே போக முடியாமல் மேலேயே மிதந்து சாகும். ஆகவே ஆழத்தில் பொடி மீன் கூட்டம் அகப்பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போவதுதான் தர்மம்.

எண்ணத் தெரிந்த கை

மஞ்சள் பெர்ச் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதும். சின்ன முள், மெல்லிய நரம்பு, தரைக்குச் சற்று மேலே இரை, ஒரு நொடிப் பொறுமை. பத்து வயதுப் பிள்ளையும் தேர்ந்துவிடும்.

கூட்டம் அகப்பட்ட நேரத்தில் எப்போது நிறுத்துவது என்று கற்றுக்கொள்ளத்தான் காலம் பிடிக்கிறது. நீரில் இன்னும் நூறு மீன் இருக்கும். ஒவ்வொரு தடவையும் தூண்டில் கனத்து வரும். கை நிறுத்தச் சொல்லாது.

அதனால்தான் ஏரிக்கரைப் பெற்றோர் பலர் பிள்ளைக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்கும் அதே நாளில் எண்ணவும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒவ்வொரு மீன் வாளியில் விழும்போதும் பிள்ளை உரக்க எண்ண வேண்டும். வரம்பு வந்ததும் கழியைத் துடைத்து, நரம்பைச் சுருட்டி, வாளியை மூட வேண்டும்.

அந்தக் கணக்கில் பிள்ளைகள் தவறாமல் இருந்தால், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஏரியில் மஞ்சள் மீன் இருக்கும்.